‘இன்னும் ரெண்டே வருஷம்’ என்று 11 வருஷம்

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 38. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கணவர் கார் தொழிலில் பொறியாளர். 2014-இல் போனவர்கள். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். ஏழு பக்கக் கடிதத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி பெயர்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

“மேடம், வந்த புதிதில் கஷ்டமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். எனக்குத் தலைகீழாக நடக்கிறது. முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தேன். இப்போதுதான் முடியவில்லை.

எங்கள் கட்டிடத்தில் ஆறு குடும்பம். கீழ்வீட்டுப் பாட்டி போன மாதம் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். ‘படிக்கட்டு சுத்தம் செய்யும் முறையை மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சத்தம் வேண்டாம். சமைக்கும்போது வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டாம். நன்றி.’ நான் கிரைண்டர் போட்டதும் கடுகு தாளித்ததும் அவருக்குக் குற்றம். இது நிறவெறி இல்லாமல் என்ன? இன்றுவரை என்னை ‘ஃப்ராவ் (திருமதி) சின்னசாமி’ என்றுதான் கூப்பிடுகிறார். அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் போட வேண்டிய இடத்தில் அப்பா பெயர் விழுந்துவிட்டது. அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேரிடம் ‘எப்ப வேணா வீட்டுக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் வந்ததில்லை.

மகளிடம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். எஸ்-பான் ரயிலில் ‘அம்மா, சத்தமா தமிழ் பேசாதே’ என்கிறாள். ஒரு நாள் கோபத்தில் அடித்துவிட்டேன். ‘யாரும் அடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க’ என்றாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அன்றிலிருந்து தூக்கமில்லை.

கணவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். இப்போது இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் அதை வாங்கினால் ஊரில் அப்பா தோட்டத்தில் என் பங்கு போய்விடும் என்று அண்ணன் சொல்கிறான். அம்மா தனியாக இருக்கிறார். பெற்றோரை இங்கேயே கூட்டி வந்து வைத்துக்கொள்ளச் சட்டம் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா? இத்தனை வருடத்தில் நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. அவர் கட்டிய பென்ஷன் பணமும் திரும்பினால் போய்விடுமாம்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தோம். சமையலறைக்குள் போனேன். ‘வா புள்ள’ என்று கூப்பிடும் அண்ணி, ‘நீங்க உக்காருங்க, ஒரம்பரைக்கு வந்தவங்க எதுக்கு வேலை செய்யோணும்’ என்றாள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை மேடம். நவம்பர் வந்தாலே அழுகையாக வருகிறது.

பின்குறிப்பு: இந்தக் குளிரில் மாவும் புளிக்க மாட்டேன் என்கிறது.”

அன்புள்ள தோழி,

பின்குறிப்பைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனால் நானும் அந்த நாட்டில் ஏழு வருடம் குடும்பம் நடத்தியவள். சட்டம் சம்பந்தப்பட்டவற்றில் பொதுவான நிலையைச் சொல்கிறேன். எதிலும் கையெழுத்துப் போடும் முன்பு, உங்கள் கோப்பைக் காட்டி அங்குள்ள அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஏழு பக்கத்தில் ‘இன்னும் ரெண்டு வருஷம்தானே’ என்ற வார்த்தை ஐந்து இடத்தில் வருகிறது. ஜெர்மன் வகுப்பை ஏ2 என்ற ஆரம்ப நிலையிலேயே நிறுத்தியது, இன்னும் ரெண்டு வருஷம்தானே என்று. நல்ல கட்டில் வாங்காதது, அதே காரணம். மகனைக் கால்பந்துக் கிளப்பில் சேர்க்காதது, அதே காரணம். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த குத்துவிளக்கு துணி சுற்றியபடி இன்னும் பெட்டியில் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 11 வருடமாக நீங்கள் மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டிலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்போம்தான், ஆனால் அது பஸ் வரும் வரைக்கும் உள்ள பேச்சு. உங்கள் களைப்பில் பாதிக்கு மேல் அந்த உட்கார்ந்திருப்பதால் வருவது என்று நினைக்கிறேன்.

‘போகப் போகச் சரியாகும்’ என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் முதல் வருடத்தைச் சொன்னார்கள். முதலில் எல்லாம் புதிது, அப்புறம் கைக்குழந்தை, அடுத்தது இன்னொன்று. யோசிக்கவே நேரம் இருந்திருக்காது. இப்போது மகனும் பள்ளிக்குப் போய்விட்டான், காலை எட்டு மணிக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. நடுவில் அப்பாவும் போய்விட்டார். இப்போது வலிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கீழ்வீட்டுப் பாட்டியின் சீட்டு

அந்தச் சீட்டில் இருக்கும் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

படிக்கட்டு முறைக்கு உங்கள் பகுதியில் கேர்வோஹெ என்று பெயர். யாருடைய வாரமோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். இது அந்தப் பாட்டி கண்டுபிடித்தது கிடையாது. வாராவாரம் குப்பையை அகற்ற வேண்டும் என்று ஷ்டுட்கார்ட் நகரச் சட்டத்திலேயே 1492-இல் எழுதிவைத்தார்கள். உங்கள் பகுதி மக்களான ஷ்வாபியர்களுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. கோபியில் ஒரு வீட்டில் நாலு நாள் வாசல் தெளிக்காமல், கோலம் போடாமல் இருந்தால் தெரு என்ன பேசும்? அதேதான் அங்கே. உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் அதோடு சேர்ந்த வீட்டு விதிகளையும் எடுத்துப் பாருங்கள். அதில் இருந்தால் அது உங்கள் கடமை. இல்லையென்றால் கட்டாயம் கிடையாது. 11 வருடமாக அதைப் படித்திருக்கவே மாட்டீர்கள் என்பது என் ஊகம். நானும் நாலாவது வருடம்தான் படித்தேன்.

கிரைண்டர் விஷயத்தில் பாட்டி சொல்வது சரி. இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அங்கே சத்தம் போடக் கூடாத நேரம். பல கட்டிடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. அது வீட்டு விதியைப் பொறுத்தது. மரத்தரையில் வைத்து ஓட்டும் கல் கிரைண்டர் மேலே இருப்பவருக்கு லேசாகக் கேட்கும். கீழே இருப்பவருக்குக் கூரை அதிரும். அடியில் ஒரு தடித்த ரப்பர் பாய் போட்டு, சனிக்கிழமை காலையில் ஆட்டிவிடுங்கள்.

மூன்றாவது, வாசல் கதவு. தாளிக்கும் புகையில் நடையில் இருக்கும் புகை அலாரம் அலறிவிடும் என்று நாம் எல்லோரும் செய்வது அது: வாசல் கதவைத் திறந்து விடுவது. அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு பேச்சும் இல்லை. படிக்கட்டுப் பக்கம் திறந்தால் ஆறு வீட்டுக்கும் உங்கள் சமையலைப் பரிமாறியதாக அர்த்தம். எதிரெதிர் ஜன்னல்களை முழுசாக, ஐந்து பத்து நிமிடம் திறந்து மூடுங்கள். பனி கொட்டும் ஜனவரியிலும் அவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ரசம் வைக்காதே, மீன் குழம்பு வைக்காதே என்று சொல்ல வீட்டு உரிமையாளருக்கே உரிமை இல்லை. வழக்கமான சமையல் குடியிருப்பவரின் உரிமை. பாட்டியும் சமைக்காதீர்கள் என்று எழுதவில்லை, கவனித்தீர்களா?

என் கதை ஒன்று. போன முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சேர்ந்துபோன ஊறுகாய் பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் சலங் சலங்கென்று உடைந்தது. இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தாத்தா கத்தினார் பாருங்கள்! தெருவே எட்டிப் பார்த்தது. மூன்று நாள் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை அதில் போடக் கூடாது என்று தொட்டியின் மேலேயே எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதே தாத்தா அடுத்த வாரம், நான் இல்லாதபோது வந்த பார்சலை வாங்கி வைத்திருந்து, கதவைத் தட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனதில் அது அன்றைக்கே முடிந்துவிட்டது. என் மனதில்தான் முடியவில்லை. ‘திட்டாமல் விட்டாலே பாராட்டியதாக எடுத்துக்கொள்’ என்று ஷ்வாபியர்களிடம் ஒரு சொலவடை உண்டு. வெறுப்பைக் காட்டவும் அவர்கள் திட்டுவார்கள், அக்கறையைக் காட்டவும் திட்டுவார்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கும்.

இதை வைத்து நிறவெறியே அங்கே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்கு இல்லை என்றால், ரயிலில் யாராவது நிறத்தைச் சொல்லி வைதால், பள்ளியில் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால், அது வேறு கணக்கு. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். வீடு, வேலை போன்றவற்றில் பாகுபாட்டுக்கு எதிராக 2006-இலிருந்து அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. பாகுபாடு எதிர்ப்புக்கான மத்திய அலுவலகமும் இருக்கிறது. அங்கே ஆலோசனை இலவசம். உரிமை கோரக் காலக்கெடு மிகக் குறைவு என்பதால் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக எடுக்க வேண்டிய கோபத்தைக் கிரைண்டர் சீட்டில் செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், ‘ஃப்ராவ் சின்னசாமி’. ஜெர்மனிலும் நமக்கு இருப்பது போல நீ உண்டு, நீங்கள் உண்டு. நீ என்று கூப்பிடலாம் என வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுவரை நீங்களும் குடும்பப் பெயரும்தான். அவர் உங்களைத் தள்ளி வைக்கவில்லை, மரியாதை கொடுக்கிறார். அது உங்கள் அப்பா பெயர் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நம்மில் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பா பெயர் என்று ஒருநாள் அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு பேச்சில் அரை மணி நேரம் போகும், பார்த்துக்கொண்டே இருங்கள். அண்ணி ‘வா புள்ள’யிலிருந்து ‘நீங்க’வுக்கு மாறியதுதான் இங்கே உண்மையில் வலித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவளும் மரியாதை என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். அடுத்த முறை உட்காராதீர்கள். கேட்காமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பியுங்கள்.

‘எப்ப வேணா வாங்க’ என்பது நம்மிடம் அன்பு. நேரம் சொல்லி அழைத்தால்தான் அந்நியம். அங்கே நேரம் சொல்லாவிட்டால் அழைக்கவே இல்லை என்று பொருள். ‘வருகிற 14-ஆம் தேதி சனிக்கிழமை, மதியம் 3 மணிக்குக் காபிக்கு வாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். சரியாக 3 மணிக்கு மணி அடிக்கும். இரண்டரைக்கே தயாராக இருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைக்காதீர்கள்.

மொழியைப் பாஸ்போர்ட்டுக்காகப் படிக்காதீர்கள், படிக்கட்டுக்காகப் படியுங்கள். உங்கள் ஊர் மக்கள் கல்விக்கூடத்தில், ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்பார்களே, காலை வகுப்புகள் இருக்கும். ஒரு எச்சரிக்கை: வகுப்பில் படிப்பது ஒன்று, பாட்டி பேசும் ஷ்வாபிய ஜெர்மன் வேறொன்று. புத்தகத் தமிழ் படித்துவிட்டு ஒருவர் கோபிக்கு வந்து ‘ஏனுங் அம்மிணி, எங்கீங் போறீங்’ என்பதைக் கேட்டால் என்ன ஆவாரோ, அந்தக் கதிதான். புரியவில்லை என்றால் உங்கள் தலையில் குறை என்று நினைக்க வேண்டாம்.

மகள்

முதலில் அடி. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மனியில், வன்முறையின்றி வளர்க்கப்படுவது குழந்தையின் உரிமை என்று சிவில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பெற்றோரின் ஒரு அடியும் அதில் விதிவிலக்கு இல்லை. மகள் சரியாகத்தான் சொன்னாள். அதே சமயம், ஒரு அடிக்காகப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்ளும் கதை. பிள்ளைக்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷயம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இளையோர் நலத்துறை அலுவலகத்தின் பெரும்பாலான வேலை ஆலோசனையும் உதவியும்தான். பயத்தால் அல்லாமல், தப்பு என்பதால் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அவள் கேட்ட தமிழ் வாக்கியங்களில் அது நெடுநாள் நிற்கும்.

ரயிலில் சத்தமாகப் பேசாதே என்பதில் எவ்வளவு தமிழுக்கு, எவ்வளவு சத்தத்துக்கு என்று கேட்டீர்களா? அங்கே ரயிலில் ஜெர்மன்காரர்களே முணுமுணுத்துத்தான் பேசுவார்கள். பத்து வயதில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அம்மா வெட்கத்துக்குரிய ஆள். ஈரோட்டில் இருந்திருந்தால் உங்கள் நைட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பாள். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அவள் எதில் பதில் சொன்னாலும். ‘தமிழ்ல சொல்லு, அப்பதான் தருவேன்’ என்று மட்டும் பிடிவாதம் வேண்டாம். மொழி பரீட்சை ஆகிவிட்டால் பிள்ளை ஓடிவிடும். பாட்டியோடு வீடியோவில் பேசும்போது ‘பாட்டிகிட்ட ஏதாவது பேசு’ என்று போனை நீட்டாதீர்கள். இருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். பாட்டி முறுக்குச் சுற்றச் சொல்லித் தரட்டும், இவள் அங்கே சுற்றட்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் வாட்ஸ்அப் குழு வருகிறது, அதில் எல்லோரும் நம்மூர்ப் பொறியாளர் குடும்பங்கள். முருங்கைக்காய் வாங்கும் ‘சிலோன் கடை’யும் ஒரு வரியில் வருகிறது. அந்தக் கடையில் நிற்கும் அம்மா அநேகமாக 1983-க்குப் பிறகு ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்களில் ஒருவராக இருப்பார். அவர்கள் அங்கே கோயில் கட்டினார்கள்; ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். ஜெர்மனில் சண்டை போடவும் தமிழில் பிள்ளை வளர்க்கவும் தெரிந்தவர்கள் உங்களிடமிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிறார்கள். முருங்கைக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை, பக்கத்தில் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.

பாஸ்போர்ட், தோட்டம், அம்மா

2024 ஜூன் 27 முதல், குடியுரிமை வாங்குபவர் பழையதை விட வேண்டியதில்லை என்று ஜெர்மனி சொல்லிவிட்டது. உங்கள் கணவர் கேள்விப்பட்டது அதுதான். ஆனால் ஜெர்மனி விட்டாலும் இந்தியா விடாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்கும் அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, சரண்டர் சான்றிதழ் வாங்கி, அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அட்டை கைக்கு வரும்வரை உள்ள இடைவெளியில் ஊருக்கு வர விசா வேண்டும். தனியாக இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைக் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள்.

இருவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணவர் எடுக்கட்டும், நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு நிரந்தர வசிப்புரிமையில் இருக்கலாம். எடுப்பதானால் ஐந்து வருட வசிப்பு, ஏ2-க்கு அடுத்த நிலையான பி1 அளவு மொழி, 33 கேள்விக்கு 17 சரியாகச் சொல்ல வேண்டிய ஒரு தேர்வு என்று போகும். பெயரை முன்பெயர், குடும்பப் பெயர் என்று ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் அந்தச் சமயத்தில் வழி உண்டு. அப்பா பெயரை அப்படியே வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம்.

தோட்டம் விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வது தவறு. தெரியாமல் சொல்லியிருக்கலாம். விவசாய நிலத்தை *வாங்க* வெளிநாடுவாழ் இந்தியருக்கே அனுமதி இல்லை. அதாவது இன்றைக்கே நீங்கள் வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வருவதை இந்தியக் குடியுரிமை இருந்தாலும், ஓசிஐ இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும், அவ்வளவுதான். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருபவராக, அது அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலமாக, உயில் இல்லாமல் அவர் போயிருந்தால், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சம பங்கு. அண்ணன் பேரில் பாசத்தால் விட்டுக்கொடுக்க நினைத்தால் அது வேறு. நானும் தடுக்க மாட்டேன். எப்படியும் போய்விடும் என்ற பயத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று அம்மாவிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பெற்றோரை அழைக்கும் சட்டம் வந்தது உண்மை. அது, திறன்மிகு பணியாளருக்கான வசிப்பு அனுமதியை 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முறை பெற்றவர்களுக்கு. 2014-இல் போன உங்கள் குடும்பம் அதில் வராது. வருபவர்களுக்கும், வயதானவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பது மலை ஏறுவது போல. அம்மா வருகை விசாவில், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். மே மாதத்தில் வரச் சொல்லுங்கள். டிசம்பரில் நாலரைக்கே இருட்டும் ஊருக்கு முதல் தடவையாக ஒரு அம்மாவைக் கூப்பிட்டால் அவர் மறுபடி வரமாட்டார்.

திரும்புவதா?

திரும்பலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் ‘கொஞ்ச நாள் போய் இருந்து பார்ப்போம்’ என்று கிளம்பும் முன்பு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிரந்தர வசிப்புரிமை பொதுவாகக் காலாவதியாகிவிடும் என்பது நினைவில் இருக்கட்டும். அதற்கு மேலும் இருக்க வேண்டுமானால் கிளம்பும் *முன்பே* வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சிலருக்குக் கெடு இன்னும் நீளம். உங்களுடையது எது என்று அவர்கள் சொல்வார்கள்.

பென்ஷன் பணம் போய்விடும் என்பதும் சரியில்லை. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து வருடம் கட்டியவர் உரிய வயதில் இந்தியாவில் இருந்துகொண்டே ஓய்வூதியம் வாங்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் ‘நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லை’ என்ற வரியை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. அங்கே வளர்க்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வருடத்தைத் தாயின் ஓய்வூதியக் கணக்கில் வரவு வைப்பார்கள். உங்களுக்கு இரண்டு குழந்தை, ஆறு வருடம். அதுவே ஐந்து வருடத் தகுதியைத் தாண்டிவிடுகிறது. ஒரு வருட வரவுக்கு இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 40 யூரோ. பெரிய தொகை இல்லை, ஆனால் உங்கள் பெயரில், உங்கள் வேலைக்காக வருவது. தானாகப் பதிவாகாது; ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள்.

இருப்பதா போவதா என்பதை இந்தக் குளிர்காலத்தில் முடிவு செய்யாதீர்கள். அடுத்த கோடைப் பள்ளி விடுமுறைக்கு ஒரு தேதி குறித்து, அன்று இருவரும் உட்கார்ந்து பேசுவதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்ற வார்த்தை வீட்டில் வரக் கூடாது. மகனைக் கிளப்பில் சேருங்கள். ஊரைவிட்டுப் போனால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். விளக்கை வெளியே எடுத்துத் துடையுங்கள், போகும்போது மறுபடி கட்டிக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்?

நவம்பர் அழுகை பற்றி. கடிதத்தை வைத்து நோய்ப் பெயர் சொல்ல மாட்டேன். வெளிச்சம் குறைவதால் மனம் தளர்வது அந்த அட்சரேகையில் சகஜம். காலை பத்து மணிக்கு, மேகமாக இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் குடும்ப மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். 116117 என்ற எண்ணில் கூப்பிட்டால் உளச்சிகிச்சையாளரின் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கித் தருவார்கள். அரசு மருத்துவக் காப்பீட்டில் அது அடங்கும். தொடர் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டிவரும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் எந்த நேரமானாலும் 112 என்ற அவசர எண்ணில் கூப்பிடுங்கள்.

கடைசியாக மாவு. உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை ஓவனுக்குள் வையுங்கள். ஓவனைச் சூடாக்க வேண்டாம், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க விடுங்கள். அந்தச் சின்ன பல்பின் சூடு போதும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பொங்கி வழியும். அப்புறம் ஓவன் கதவில் ‘உள்ளே மாவு இருக்கிறது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டவில்லை. அவர் பீட்சாவுக்காக 220 டிகிரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.